முப்பத்தைந்தாயிரத்து இருபது

விமானிகள் ஓய்வறையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'நூல்'. எந்த வேலையையும் நூல் பிடித்தாற்போலச் செய்வாள் என்பதால் வந்த பெயர். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள். பதினோரு வருடத்தில் அதுவே மரியாதையாகிவிட்டது. வாரப் பட்டியல் ஒட்டியதும் ஒரு கேப்டன் "எனக்கு இந்த வாரம் நூல்" என்றால், மற்றவர்கள் "குடுத்து வச்சவன்" என்பார்கள். "சட்டை பட்டன் சரியா போட்டிருக்கியான்னு பாத்துக்க, இல்லேன்னா அதையும் எழுதி வச்சுருவா" என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

துணை விமானி அவள். முப்பத்தெட்டு வயது. இருபத்தோரு வயதில் அதே நிறுவனத்தின் சரக்குப் பிரிவில் தட்டச்சு செய்ய வந்தவள். மேஜை ஜன்னலுக்கு எதிரே போடப்பட்டிருந்தது அவளுடைய அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா தெரியாது. ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதை. ஆறு வருடம் வேலை பார்த்துக்கொண்டே படித்தாள். தேர்வில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது முறை எழுதப் போனபோது வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை, கணவனைத் தவிர. அவன் விமான நிலையத்துக்குள் ஓடும் பஸ்ஸின் டிரைவர். கட்டடத்திலிருந்து ஆட்களை ஏற்றி விமானத்தின் படிக்கட்டு வரை கொண்டுபோய் விடுகிறவன்.

"ஊரு உலகத்துல பொண்டாட்டிய வழியனுப்புறவன் வாசல்லயே நின்னுருவான். நான் ஒருத்தன்தான் ஏணி வரைக்கும் போறேன்" என்பான்.

அன்று காலையும் அவன்தான் ஏணி வரை கொண்டுபோய் விட்டான்.

அன்றைய கேப்டன் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கனத்த உடம்பு, மெல்லிய குரல். விமானத்துக்குள் கத்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அந்த மாதம் அவர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்தாலும் கதவு, ஜன்னல், குழாய் என்றே பேச்சு. ஏழு நாற்பதுக்குக் கிளம்பினார்கள். எட்டு ஐந்துக்கு முப்பத்தைந்தாயிரம் அடி. வானம் துடைத்துவிட்ட பாத்திரம் போல இருந்தது.

அந்த உயரத்தின் சட்டதிட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இருபத்தொன்பதாயிரம் அடிக்கு மேலே ஒரு காலத்தில் விமானங்கள் மேலும் கீழுமாக இரண்டாயிரம் அடி இடைவெளி விட்டுத்தான் பறந்தன. மேலே போகப்போகக் காற்று மெலியும். உயரமானியோ காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைச் சொல்கிறது. எனவே அங்கே அதன் கணக்குப் பிசகலாம் என்ற பயம். கருவிகள் தேறிய பிறகு அந்த இடைவெளியை ஆயிரம் அடியாகக் குறைத்தார்கள். அதே வானத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாதை கிடைத்தது. ஆனால் அது சும்மா கிடைக்கவில்லை. விமானியிடமும் கருவியிடமும் வாங்கிய வாக்குறுதிகளின் பேரில் கிடைத்தது. விமானத்தில் கேப்டனுக்கு ஒன்று, துணை விமானிக்கு ஒன்று என்று இரண்டு உயரமானிகள். அவை ஒத்துப்போகின்றனவா என்று கிளம்பும் முன் தரையில் பார்க்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு மணிக்கு ஒரு தடவை பார்த்து, இரண்டு எண்ணையும் தாளில் எழுத வேண்டும். இருநூறு அடிக்கு மேல் வித்தியாசம் என்றால் ஈகோ பார்க்காமல் கீழே கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லிவிட வேண்டும், எங்களை நம்பி ஆயிரம் அடிக்குள் ஒருவரையும் விடாதீர்கள் என்று.

நூல் அதைப் பதினோரு வருடமாகச் செய்துவந்தாள். எட்டு ஐந்துக்குப் பார்த்தாள், எழுதினாள். ஒன்பது ஐந்துக்கும் எழுதினாள். பத்து ஐந்துக்குப் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள், தாளில் கை வைக்காமல் அப்படியே இருந்தாள்.

"சார், என்னோடது முப்பத்தஞ்சாயிரத்து அறுநூத்திப்பத்து காட்டுது."

கேப்டன் தன் பக்கம் பார்த்தார். "என்னோடது அச்சு அசலா முப்பத்தஞ்சாயிரம். ஆட்டோ பைலட்டும் என்னோடதைத்தான் புடிச்சிட்டுப் போகுது. உன்னோடது மக்கர் பண்ணுதும்மா."

"நடுவுல இருக்கிறதைப் பாருங்க சார்."

இரண்டுக்கும் நடுவே, இரண்டும் கைவிட்டால் உதவட்டும் என்று மூன்றாவதாக ஒரு சின்ன உயரமானி உண்டு. அது முப்பத்தைந்தாயிரத்து அறுநூறை ஒட்டிக் காட்டியது. இரண்டுக்கு ஒன்று என்று வழக்கு அவள் பக்கம் சாய்ந்தது. கேப்டன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுடையது சரி என்றால், விமானம் இத்தனை நேரம் யாருக்கும் தெரியாமல் அறுநூறு அடி மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. கீழே இருப்பவர்களுக்கும் எதிரே வருபவர்களுக்கும் இந்த விமானம் தன் உயரமாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேப்டன் பக்கத்துக் கணக்கை. திருடனே காவல்காரனாக நின்று 'எல்லாம் நலம்' என்று குரல் கொடுப்பது போல.

கேப்டனின் சம்மதத்துக்குக் காத்திராமல் அவள் மைக் பொத்தானை அழுத்தினாள். எங்கள் உயரமானிகள் ஒத்துப்போகவில்லை, ஆயிரம் அடி இடைவெளிக்கு எங்களால் உறுதி தர முடியாது, உண்மையான உயரம் அறுநூறு அடி கூடுதலாக இருக்கலாம் என்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை. விரல் மட்டும் பொத்தானை விட மறந்து, ஒரு நொடி கூடுதலாக அழுத்திக்கொண்டிருந்தது.

பதில் வர இரண்டு விநாடி ஆனது. கட்டுப்பாட்டு மையத்தில் பேசிய பெண் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. வேறு ஒரு விமானத்தை எண் சொல்லிக் கூப்பிட்டு, உடனே வலது பக்கம் திரும்பச் சொன்னாள்.

அப்போதுதான் இருவரும் முன்னால் பார்த்தார்கள். பக்கத்தில் பறக்கும் விமானங்களைக் காட்டும் திரையில் ஒரு சின்னப் புள்ளி, அதன் பக்கத்தில் 'ஆயிரம் அடி மேலே' என்ற குறி. மோதல் வருமுன் எச்சரிக்கும் கருவி வாயே திறக்கவில்லை; அதற்கும் சோறு போடுவது அதே கேப்டன் பக்கத்துக் கணக்குதான். கண்ணாடிக்கு வெளியே அந்தப் புள்ளி மேலே இல்லை. நேர் எதிரே இருந்தது.

"கீழ யாரும் இல்ல சார். இறக்குங்க."

கேப்டன் ஆட்டோ பைலட்டை விடுவித்து மூக்கை மெல்லக் கீழே அழுத்தினார். புள்ளிக்கு இறக்கை முளைத்தது. இறக்கைக்கு அடியில் எஞ்சின்கள் முளைத்தன. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் பெரிதாகி, ஒரு வெள்ளை வயிறு, சக்கரங்களை மூடியிருக்கும் கதவுகளின் விளிம்பு, பின்பக்கம் எண்ணெய் வழிந்து காய்ந்த ஒரு பழுப்புக் கோடு, இவ்வளவும் அவள் தலைக்கு மேலே போயிற்று. சத்தமே இல்லை. ஒரு சத்தம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

மேலே போனதைத் தேடிக் கழுத்தைத் திருப்பக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வானம் பழையபடி துடைத்துவிட்ட பாத்திரமாக இருந்தது. கேப்டன் கட்டுப்பாட்டுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேயறைந்த முகம் என்று சொல்லக் கேட்டிருக்கிறாள், அன்றுதான் பார்த்தாள்.

"நானூறு அடி இருக்குமா?" என்றார்.

"இருக்கும் சார்."

"அவன் டயர் கதவைப் பார்த்தேன்மா."

"நானும் பார்த்தேன் சார்."

கட்டுப்பாட்டு மையம் அவர்களை இருபத்தெட்டாயிரத்துக்கு இறக்கியது. அது அந்தச் சட்டதிட்டம் தொடங்கும் உயரத்துக்குக் கீழே. அங்கிருந்து, பக்கத்தில் இருந்த விமான நிலையத்துக்குத் திருப்பி, பத்து ஐம்பதுக்குத் தரையிறங்கினார்கள். இறங்கும்போது ஒரு பயணி அவளிடம் வந்து, இப்படித் தாமதப்படுத்தினால் தன் தங்கச்சி வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டாள். நூற்று அறுபத்து நான்கு பேர் பைகளைத் தூக்கிக்கொண்டு, அலுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். கடைசி ஆளும் போனபிறகு கேப்டன் சொன்னார்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நீ மட்டும் நிமிர்ந்து பார்க்கலேன்னா…"

குறையை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கேப்டனின் உயரமானிக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. பட்டறையில் அதைக் கழற்றி மாட்டியவர் இணைப்பைக் கால் சுற்றுக் குறைவாக முறுக்கியிருந்தார். தரையில் அது தெரியாது. மேலே போய், பயணிகளுக்காக விமானத்துக்குள் காற்றை அடைத்ததும், இணைப்பு தளரத் தளர, உள்காற்று அந்த இடுக்கு வழியாகக் குழாய்க்குள் மேலும் மேலும் கசிந்தது. உள்காற்று கனம். கனத்த காற்றைக் கண்ட கருவி 'நாம் கீழே இருக்கிறோம்' என்று நம்பியது. அதை நம்பிய ஆட்டோ பைலட் விமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போயிற்று. கருவி காட்டிய எண் மட்டும் மாறவே இல்லை.

அடுத்த மாதம் நிறுவனத்தின் கூட்ட அரங்கில் அவளுக்குப் பாராட்டு. மேடையில் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம். பேசச் சொன்னார்கள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது. "மணிக்கு ஒரு தடவை பார்க்கணும்னு விதி. நான் பார்த்தேன். வேற ஒண்ணும் செய்யல" என்று சொல்லி இறங்கிவிட்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கணவன் பின்வரிசையில் சீருடையோடு நின்று, சாப்பாட்டு இடைவேளை முடிந்தும் போகாமல் கைதட்டினான். மாமியார் அந்தப் பத்திரத்தை வீட்டு நடுக்கூடத்தில், காலண்டரை நகர்த்திவிட்டு மாட்டினாள். தண்ணீர் கேன் போட வருபவரையும் நிறுத்திப் படிக்கச் சொன்னாள். அவருக்குக் கண்ணாடி போடாமல் படிக்க வராது என்று தெரிந்ததும், முழுவதையும் தானே உரக்கப் படித்தாள்.

விசாரணை அதிகாரி அவளைக் கூப்பிட்டது அதற்கு ஐந்து வாரம் கழித்து. பழைய விமானி அவர். சின்ன அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிறுத்துமிடம். அவருக்கு அன்று நல்ல ஜலதோஷம். கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டே பேசினார்.

"ஒரு சந்தேகம்மா. ஒன்பது அஞ்சுக்கு நீங்க எழுதினது இது." தாளைத் தள்ளினார். அவள் கையெழுத்து, குண்டு குண்டாக. கேப்டன் பக்கம் முப்பத்தைந்தாயிரம். அவள் பக்கம் முப்பத்தைந்தாயிரத்து இருபது. "இதைப் பார்த்து எழுதினீங்களா?"

"ஆமா சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன சார் இருக்கு? பார்த்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு. எட்டு அஞ்சுக்கு இருபது அடி வித்தியாசம், ஒன்பது அஞ்சுக்கும் அதே இருபது. பரவாயில்லையே, ஏறல, இறங்கலன்னு மனசுக்குள்ள நினைச்சேன்."

அவர் இன்னொரு தாளைத் திருப்பி வைத்தார். விமானத்தின் கறுப்புப் பெட்டியிலிருந்து எடுத்த கோடுகள். ஒரு கோடு தரையில் வைத்த குச்சி போல நேராகக் கிடந்தது: கேப்டனுடையது. இன்னொன்று ஏணி சாய்த்தது போல ஏறிக்கொண்டே போயிற்று: அவளுடையது. ஒன்பது ஐந்து என்ற இடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் எழுதியிருந்தது முப்பத்தைந்தாயிரத்து இருநூற்று எண்பது.

"இது என்னோடது இல்ல சார்."

"உங்களோடதுதான்ம்மா. உங்க கண்ணுக்கு நேரா இருந்த எண்ணு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நின்றதுகூடத் தெரியாமல் எழுந்து நின்றிருந்தாள். "பதிவுல ஏதாவது கோளாறு இருக்கும் சார். நான் பார்த்தேன்."

"உக்காருங்க." அவர் மேஜை மேலிருந்த ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்தினார். "இதைக் கேளுங்க."

காக்பிட்டின் இரைச்சல். அதற்கு நடுவே கேப்டனின் மெல்லிய குரல், குளியலறைச் சுவருக்கு நீல ஓடு பதிக்கலாம் என்று சம்சாரம் சொல்கிறாள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டது. பிறகு அவளுடைய குரல். நிதானமான, அலட்டலில்லாத, அவளுக்கே அவ்வளவு பிடித்த அந்தக் குரல்.

"நீலம் வேணாம் சார், உப்புத்தண்ணிக் கறை அப்படியே தெரியும். ஒன்பது அஞ்சு. முப்பத்தஞ்சாயிரம், முப்பத்தஞ்சாயிரத்து இருபது."

"சரி" என்றது கேப்டனின் குரல்.

"வெள்ளையும் வேணாம். சாம்பல் கலர் போட்டா ஒரு தொல்லையும் இல்ல."

அதிகாரி நிறுத்தினார். மூக்கைத் துடைத்தார். நீல ஓட்டுக்கும் வெள்ளை ஓட்டுக்கும் நடுவே ஒரு மூச்சில் எண்ணைச் சொல்லியிருக்கிறாள். சொன்னது ஒரு மணி நேரத்துக்கு முந்தைய எண். ஆனால் அந்த எண்ணைக் கருவியில் பார்த்தது, கடைசி இரண்டு இலக்கம் 'இருபது' என்று மினுங்கியது, இப்போதும் கண்ணுக்குள் அப்படியே நின்றது. பார்க்கவே பார்க்காத ஒன்றை அவள் நினைவில் வைத்திருந்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. கேட்டே ஆகணுமா, முடிவு உங்களோடது."

"போடுங்க சார்."

ஒன்பது ஐம்பது. கேப்டன் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "இவன் என்னம்மா இவ்வளவு பெருசா தெரியிறான்?" அவள் பதில்: "ஆயிரம் அடி சார். வெயில் பட்டா அப்படித்தான் தெரியும்."

"ஒன்பது அஞ்சுக்கும் பத்து அஞ்சுக்கும் நடுவுல ரெண்டு விமானம் உங்க தலைக்கு மேல போயிருக்கு" என்றார் அதிகாரி. "முதல் விமானத்துக்கும் உங்களுக்கும் அறுநூத்தி நாப்பது அடி. ரெண்டாவது இது. நானூத்தி எண்பது. ரெண்டு பேருக்கும் இன்னிக்கு வரைக்கும் விஷயம் தெரியாது."

அந்த இரண்டு விமானங்களிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்க அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எந்த எண்ணையும் நம்பும் நிலையில் அவள் இல்லை.

"அறிக்கையில பேர் வராது. எல்லாருக்கும் நடக்கிறதுதான்ம்மா" என்றார் அவர்.

"எனக்கு நடக்காது சார்" என்றாள். சொன்னபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

வெளியே வந்தவள் வண்டிகள் நிறுத்துமிடத்தில் தன் ஸ்கூட்டரைத் தேடினாள். நீலமா சாம்பலா, எங்கே விட்டோம் என்று மண்டையைக் குடைந்துகொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். அன்று கணவன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது கால் மணி நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. சுவரோரமாக உட்கார்ந்து அவனுக்குப் போன் செய்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். பேசாமல் கேட்பது அவன் வழக்கமில்லை.

"என் பஸ்ல ஒரே ஒரு மீட்டர்தான்" என்றான் கடைசியில். "அதையும் நான் பார்க்கிறதில்ல. கால்ல தெரியும்."

"நான் பார்த்தேங்க. இப்பவும் எனக்கு அது கண்ணுல தெரியுது. அதுதான் பயமா இருக்கு."

"கண்ணால காண்றதும் பொய்னு சும்மாவா சொன்னாங்க?"

"விளையாடாதீங்க."

"விளையாடல" என்றான். சிக்னலில் வண்டி நின்றிருந்தது. பச்சை விழுந்தும் அவன் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். "ஒன்பது அம்பதுக்குப் போன அந்த விமானம்… அன்னிக்கு நான் டியூட்டி முடிச்சு டீ குடிச்சிட்டிருந்த நேரம்" என்றான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நேராக நடுக்கூடத்துக்குப் போய்ப் பத்திரத்தைக் கழற்றினாள். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னாள். மாமியாருக்கு உயரமானி புரிந்ததோ இல்லையோ, 'பார்க்காமலே பார்த்ததாக எழுதிவிட்டேன் அத்தை' என்பது புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றாள் பிறகு. "ஆனா அடுத்த தடவை பார்த்தவளும் நீதானே? பெரியவரு வாயத் தொறக்கும் முன்னாடி சொன்னவளும் நீதானே? அது பொய்யா?"

"இல்ல அத்தை."

"அப்ப அது அங்கயே இருக்கட்டும். எனக்கு ஆணி அடிக்க ஆள் கிடைக்காது."

அவள் மாட்டவில்லை. பீரோவுக்கு மேலே, திருப்பிப் போட்டு வைத்தாள். மாமியார் மறுநாள் அதை எடுத்துத் தன் கட்டில் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

நிறுவனம் அவளை மூன்று மாதம் பறக்க விடாமல் நிறுத்தி, மறுபயிற்சிக்கு அனுப்பியது. தண்டனை என்று சொல்லவில்லை. கேப்டனுக்கும் அதேதான். ஆனால் அவர் மறுபயிற்சிக்கு வரவே இல்லை. ஓய்வுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். அவள் பார்க்கப் போனபோது பாதி கட்டிய வீட்டின் முன்னால், சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். "நீ சொன்னே, நான் சரின்னேன். நானும் பார்க்கல" என்றார். "முப்பது வருஷமா எத்தனை சரி சொல்லியிருப்பேன். அதுல எத்தனை நிஜம்னு இப்ப எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?" குளியலறையைக் காட்டினார். ஓடு பதிக்காமல் வெறும் பூச்சோடு விட்டிருந்தார்.

அவளைத் தூங்க விடாத விஷயம் வேறொன்று. நான்கு வருடத்துக்கு முன் ஒரு சக துணை விமானியைப் பற்றி அவள் எழுத்தில் புகார் கொடுத்திருந்தாள். ஓய்வறையில் 'சிரிப்பு' என்று கூப்பிடுவார்கள் அவனை. மணிக்கொரு முறை எழுத வேண்டிய எண்களை மொத்தமாக முதலிலேயே எழுதி வைத்திருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தாள். அவனுடைய கேப்டன் பதவி உயர்வு அதனால் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசியதில்லை. அவளும் குற்றவுணர்ச்சியே கொள்ளவில்லை. சரியானதைச் செய்தோம் என்றிருந்தாள்.

ஓய்வறையில் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, மென்று முழுங்கிச் சொல்லி முடித்தாள். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

அவன் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தான். "ஒலிப்பதிவுல உன் குரல் சாதாரணமா இருந்துச்சா?"

"ரொம்பச் சாதாரணமா."

"நான் அன்னிக்குப் பார்க்காம எழுதினேன். பார்க்கலேன்னு எனக்குத் தெரியும். மாட்டுனேன், அதோட திருந்துனேன். நீ பார்த்ததா நினைச்சுக்கிட்டு எழுதியிருக்க." அவன் முகம் வெளிறியிருந்தது. "அப்படின்னா நான் திருந்தினதா நினைச்சுட்டிருக்கிறது என்ன ஆச்சு? நேத்து நான் எழுதினது?"

"தெரியாது."

"ஐயோ" என்றான் மெதுவாக. இயந்திரம் அடுத்த கோப்பையை நிரப்பி, எடுக்க ஆளில்லாமல் வழியவிட்டது.

புகாரை அவன் மன்னித்தானா இல்லையா என்று அவள் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் பயிற்சிப் பிரிவுக்குப் போன யோசனைக் கடிதத்தில் இருவர் கையெழுத்தும் இருந்தது. அதில் கேட்டது சின்ன மாற்றம்தான். இரண்டு எண்ணையும் ஒரே ஆள் படித்து, இன்னொரு ஆள் 'சரி' என்று சொல்லும் வழக்கம் கூடாது. அவரவர் எதிரே இருப்பதை அவரவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் எழுத வேண்டும். முந்தைய மணியின் எண் கண்ணில் படாதபடி தாளை மடித்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வேறு பேச்சு இருந்தால் பேச்சை முடித்துவிட்டு, அல்லது நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். எட்டு வாரம் கழித்து நிறுவனம் அதை விதியாக்கியது. தாள் மடிப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள், பழகிவிட்டார்களே என்று அவளுக்கு அதுவும் ஒரு பயம்.

புதிய விதியைச் சொல்லிக்கொடுக்கும் முதல் வகுப்பில், ஒலிப்பதிவைப் போட்டுக் காட்ட அனுமதி கேட்டது அவள்தான். பெயர் வெளிவர வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். குரல் யாருடையது என்று எப்படியும் தெரிந்துவிடும், நானே போய் நிற்கிறேன் என்றாள். பன்னிரண்டு விமானிகள். நீல ஓட்டுப் பேச்சு வந்தபோது சிரித்தார்கள். எண்ணைச் சொன்னபோது ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு ஏறும் கோட்டைத் திரையில் காட்டினாள். முன்வரிசையில் இருந்த ஒரு கேப்டன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். "மேடம், பத்து அஞ்சுக்கு மட்டும் எப்படிப் பார்த்தீங்க? அன்னிக்கு என்ன வித்தியாசமா இருந்துச்சு?"

அந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதிகாரிகூடக் கேட்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தாள். கேப்டன் அந்த நேரம் பேசாமலிருந்தாரா? பேனா மை தீர்ந்திருந்ததா? வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து விழுந்ததா? ஒன்றும் கிடைக்கவில்லை. யோசிக்க யோசிக்க, அந்த வெள்ளை வயிறு மட்டும் தலைக்கு மேலே சத்தமில்லாமல் போயிற்று.

"தெரியல" என்றாள். "ஒண்ணுமே வித்தியாசமா இல்ல. பார்த்துட்டேன், அவ்வளவுதான்."

அந்தப் பெண் எழுதிக்கொள்ளத் திறந்த பேனாவை மூடினாள்.